வாளியில் ஒரு நிறம், சூளையில் ஒரு நிறம்: கிளேஸ் கேள்வி பதில்

பானை வகுப்புகளைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளேஸ் பற்றியவை; அதாவது பானை மேல் பூசி, சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு. சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தக் கை பழகிவிடுகிறது. பூச்சு என்று வரும்போது எல்லாருக்கும் பயம் வந்துவிடுகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் கிளேஸ் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்போது புதுச்சேரிப் பக்கம் வகுப்பு எடுக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: நானும் என் தோழியும் ஒரே வாளியில்தான் குவளையை முக்கினோம். அவளுடையது அடர்நீலமாக வந்தது. என்னுடையது சாம்பல் கலந்த வெளிர்நீலம். வாளியில் பார்த்தபோது அந்தக் கிளேஸ் வெளிறிய ரோஸ் நிறம்! எதை நம்புவது? (வாசகி, கோவை)

ப: வாளியின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள் அம்மா. கோபால்ட் கார்பனேட் பொடி ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் இருக்கும். சூட்டில் உருகிக் கண்ணாடியோடு கலந்த பிறகுதான் நீலம் காட்டும். இரும்பு ஆக்ஸைடு போட்ட வாளி செங்கல் கரைத்தது போலச் சிவந்திருக்கும். அதே இரும்பு நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு இருந்து, சூளையில் காற்றைக் குறைத்துப் புகையோடு எரித்தால் செலடான் என்னும் பச்சை கலந்த பூச்சு வரும். 8, 10 பங்கு போட்டால் டெம்மோக்கு என்னும் கறுப்பும் பழுப்புமான பூச்சு வரும். காற்று தாராளமாக இருந்தால் பச்சை தரும் தாமிரம், காற்றில்லாத சூளையில் ரத்தச் சிவப்பாகும். ஆகவே நல்ல வகுப்பில் ஒவ்வொரு வாளி மேலும் அந்தக் கிளேஸ் பூசிச் சுட்ட டெஸ்ட் டைல் (மாதிரி வில்லை) ஒன்று கட்டித் தொங்கும். உங்கள் வகுப்பில் இல்லையென்றால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தோழியின் குவளை ஏன் வேறானது? என் கணிப்பு, உங்கள் பூச்சு மெலிந்துவிட்டது. முதல்முறை சுட்ட பானை (வகுப்பில் பிஸ்க் என்பார்கள்) தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சும்போது தண்ணீர் உள்ளே போகிறது, பொடி மேலே படிகிறது. சுவர் தடிமனாக இருந்தால் நிறைய உறிஞ்சும், பூச்சும் தடிக்கும். மெல்லிய சுவர் சீக்கிரம் ஊறிப்போகும், அதற்குமேல் எதுவும் ஒட்டாது. நீங்கள் குவளையின் உட்புறத்துக்குக் கிளேஸ் ஊற்றிக் கொட்டிவிட்டு, உடனே வெளிப்புறத்தை முக்கினீர்களா? அப்படியானால் சுவர் ஏற்கெனவே நனைந்திருக்கும். வெளிப்பூச்சு மெலிந்ததற்கு அதுவே போதுமான காரணம். உள்ளே ஊற்றியபின் நன்றாகக் காயவிட்டு வெளியே முக்குங்கள்.

இன்னொன்று, கலக்குவது. கிளேஸ் சும்மா இருந்தால் பொடி அடியில் இறங்கிவிடும். ஒருவர் கலக்கி முக்கிய பின் அடுத்தவர் பேசிக்கொண்டே வந்து முக்கினால் மேல்தண்ணீர்தான் கிடைக்கும். ஒவ்வொரு பானைக்கும் முன்னால் அடியிலிருந்து கலக்க வேண்டும். முக்கும் நேரத்தை மனதுக்குள் எண்ணுங்கள்; மூன்று எண்ணிக்கை பொதுவாகப் போதும். காய்ந்ததும் பானையின் அடிப்பக்கத்தில் குண்டூசியால் கீறிப் பாருங்கள். பூச்சின் கனம் கண்ணுக்குத் தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் பெரும்பாலான கிளேஸுக்குச் சரி. கீறலை விரலால் தேய்த்து மூடிவிடலாம்.

கே: பயிற்சியாளர் '4-3-2-1' என்று ஒரு கலவை எழுதிக் கொடுத்தார். எது எதற்கு என்று சொல்லவில்லை. வீட்டில் நானே கலக்க ஆசை. (வாசகர், ஈரோடு)

ப: நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் தம்பி. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் 1920இல் பட்டறை போட்ட குயவர் பெர்னார்ட் லீச் பெயரால் வழங்கும் கலவை அது. பெல்ஸ்பார் (ஒரு பாறைக் கனிமம்) 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் 20, சைனா கிளே (வெண்களிமண்) 10. ஒரு கிலோவுக்கு முறையே 400, 300, 200, 100 கிராம். மனப்பாடம் செய்ய எளிது. ஆனால் காரணம் தெரிந்தால் வாழ்நாள் முழுக்க உதவும்.

குவார்ட்ஸ் என்பது நம் ஊர் வெங்கச்சங்கல்லின் பொடி. கண்ணாடி ஆவது அதுதான். தனியாக அதை உருக்க 1700 டிகிரி வேண்டும். எந்தப் பானைச் சூளையும் அங்கே போகாது. அதை இளக வைக்கத்தான் மற்றவை. பெல்ஸ்பாரில் சோடாவும் பொட்டாஷும் உண்டு. வைட்டிங் என்பது சுண்ணாம்புக்கல் பொடி. அதிலுள்ள கால்சியமும் உருக்க உதவும். உருகியது வழிந்து ஓடாமல் பானையில் பிடித்து நிற்க அலுமினா (அலுமினிய ஆக்ஸைடு) வேண்டும். அது சைனா கிளேயிலும் பெல்ஸ்பாரிலும் இருக்கிறது. சைனா கிளே இன்னொரு வேலையும் செய்கிறது: பொடி வாளியின் அடியில் இறங்கிவிடாமல் தண்ணீரில் தாங்கிப் பிடிக்கிறது. இந்தக் களிமண் நமக்குத் தூரத்துப் பொருள் இல்லை. நெய்வேலி நிலக்கரிப் படுகையோடு சேர்ந்தே கிடைக்கிறது.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். வைட்டிங் 200 கிராம் போட்டாலும் அவ்வளவும் பானையில் தங்காது. சூட்டில் கரியமில வாயு வெளியேறி எடையில் நூற்றுக்கு 44 பங்கு போய்விடும். மிஞ்சுவது 112 கிராம். வெளியேறும் இந்த வாயுவும் பூச்சில் ஊசித்துளைகள் வர ஒரு காரணம். 800, 900 டிகிரிப் பகுதியில் அவசரப்படாமல் ஏற்றினால், பூச்சு உருகி மூடிக்கொள்ளும் முன் வாயு போய்விடும்.

உங்கள் பயிற்சியாளர் எழுதாமல் விட்ட முக்கியமான எண் 1280. இந்தக் கலவை ஏறக்குறைய 1280 டிகிரியில்தான் ஒழுங்காக உருகும். உங்கள் வகுப்புச் சூளை 1050 டிகிரிதான் என்றால், வெளியே வருவது சாக்பீஸ் பூசிய பானை. வெப்பநிலை எழுதாத கிளேஸ் குறிப்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குறைந்த சூட்டுச் சூளையாக இருந்தால் ஈயம் கலக்காத போராக்ஸ் பிரிட் 90 பங்கு, சைனா கிளே 10 பங்கு என்று சோதனையைத் தொடங்குங்கள். பிரிட் என்பது ஏற்கெனவே உருக்கிப் பொடித்த கண்ணாடி.

இனிக் கலக்கும் முறை. தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றுங்கள், பிறகு பொடியைத் தூவுங்கள். மாற்றிச் செய்தால் கட்டி கட்டியாகும், தூசும் கிளம்பும். ஒரு கிலோ பொடிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். ஒவ்வொரு பொருளை நிறுத்துப் போட்டதும் நோட்டில் டிக் அடியுங்கள். யாராவது கூப்பிட்டால் குவார்ட்ஸ் போட்டோமா வைட்டிங் போட்டோமா என்று மறந்துபோகும். இரண்டும் வெள்ளைப் பொடி, வாளிக்குள் போனபின் பிரித்துச் சொல்ல முடியாது. இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் இரண்டு முறை வடியுங்கள்.

பதம் என்ன என்று கேட்டால் கெட்டி மோர் என்று சொல்லிவைப்பது வழக்கம். என் வகுப்பில் நான் அதோடு நிறுத்துவதில்லை. 100 மில்லி கிளேஸை அளந்து எடை போடச் சொல்வேன். 145 கிராம் காட்டினால் முக்குவதற்கு நல்ல பதம். 135 என்றால் நீர்த்திருக்கிறது. ஒரு நாள் அசையாமல் வைத்து மேல்தண்ணீரை மொண்டு எடுங்கள். 155 என்றால் தண்ணீர் சேருங்கள். இந்த எண்ணை நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த மழைக்காலத்திலும் அதே நிறம் வரும்.

எழுதிவைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஏற்கெனவே கரைத்த வாளியில் நிறம் சேர்க்க வேண்டுமானால், உள்ளே எவ்வளவு பொடி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு லிட்டர் 1450 கிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் 1000 கிராமைக் கழித்தால் 450. அதை 1.625ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 730 கிராம். இதுதான் அந்த லிட்டரில் இருக்கும் உலர்பொடி. ஒரு சதவீதம் கோபால்ட் வேண்டுமென்றால் 7.3 கிராம். இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டவர்கள் வகுப்பை விட்டுப் போன பிறகும் தனியாகப் பிழைத்துக்கொள்கிறார்கள்.

கே: வைட்டிங் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. கோலமாவு போடலாமா? (வாசகி, கும்பகோணம்)

ப: இந்தக் கேள்விக்காக உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அரிசிமாவுக் கோலத்தை விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் கல்மாவைத்தான் சொல்கிறீர்கள். அது ஊருக்கு ஊர் வேறு. சில இடத்தில் சுண்ணாம்புக்கல் வகை, சில இடத்தில் டோலமைட், சில இடத்தில் வெறும் வெங்கச்சங்கல் பொடி. ஒரு தேக்கரண்டி மாவில் வினிகர் விடுங்கள். சடசடவென நுரைத்தால் சுண்ணாம்பு. மெதுவாக, லேசாக நுரைத்தால் டோலமைட்டாக இருக்கலாம். அதில் மெக்னீசியமும் இருப்பதால் பளபளப்புக் குறைந்து மங்கலான மெருகு வரக்கூடும். நுரைக்கவே இல்லையென்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ். வைட்டிங்குக்குப் பதில் அதைப் போட்டால் கிளேஸ் உருகாமல் நிற்கும். கலர் கோலப்பொடி வேண்டாம். அதன் சாயம் சூட்டில் எரிந்து போய்விடும். எதுவானாலும் முதலில் டெஸ்ட் டைலில்தான். நன்றாக வந்தால் அதே மூட்டையிலிருந்து ஐந்தாறு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மூட்டை வேறு கல்லாக இருக்கும்.

கே: சூளையிலிருந்து எடுத்த தட்டில் அங்கங்கே கிளேஸ் ஒதுங்கி, மண் வெறுமையாகத் தெரிகிறது. (வாசகி, மதுரை)

ப: தலையில் எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டு நேராக வகுப்புக்குப் போகிறீர்களா? விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் அந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காது. உருகும்போது சுருண்டு ஒதுங்கும். பிஸ்க் பானை மேல் படிந்த தூசும் இதையே செய்யும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பானையை ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை துடைத்து, உலரவிட்டு முக்குங்கள். பூச்சு மிகத் தடிமனாக இருந்தாலும் ஒதுங்கும். அதற்கு அடையாளம் சூளைக்குப் போகும் முன்பே தெரியும்: காய்ந்த பூச்சில் வெடிப்பு விட்டிருக்கும். அப்படித் தெரிந்தால் தயங்காமல் கழுவிவிட்டு, நன்றாகக் காய்ந்த பின் மறுபடி முக்குங்கள்.

கே: நான் செய்த கிண்ணத்தில் சில வாரம் கழித்து மயிரிழை போல வெடிப்புகள். தயிர் வைத்தால் கறை ஏறுகிறது. பழகப் பழகச் சரியாகுமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: சரியாகாது. இன்னும் கூடும். ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்குகிறது, இழுபட்டு வெடிக்கிறது. சூளையைத் திறந்த அன்றே தெரியலாம், மாதங்கள் கழித்தும் தெரியலாம். சீனத்தில் சோங் காலத்துக் குவான் பாண்டங்களில் இந்த வெடிப்பையே அழகாக்கி, விரும்பி வரவழைத்தார்கள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அது கூடாது; முழுதாக இறுகாத மண்ணென்றால் வெடிப்பு வழியே ஈரமும் கறையும் உள்ளே போகும். அந்தக் கிண்ணத்தைச் சாவி போட்டு வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கலவையைத் திருத்த வேண்டுமானால் குவார்ட்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 100 கிராமுக்கு 3, 6, 9, 12 கிராம் என்று நான்கு வில்லைகள். பெல்ஸ்பாரின் சோடாவும் பொட்டாஷும்தான் அதிகம் சுருங்குபவை. அதைக் குறைத்தாலும் பலன் தெரியும். சுட்ட வில்லைகளைக் கொதிநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கள். வெடிக்காமல் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே வெண்மை. உப்பும் புளிப்பும் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும், ஜாடி கசியாது. மண் இறுகும் வரை சுட்டு, அந்த மண்ணுக்குப் பொருந்தும் கிளேஸைப் போட்டிருப்பார்கள். நாம் எட்ட வேண்டிய தரம் அதுதான்.

கே: சமையலறை மேடையிலேயே கலக்கிக்கொள்ளலாமா? பழைய மிக்ஸி ஒன்று இருக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. (வாசகி, சென்னை)

ப: கூடாது. மிக்ஸியும் கூடாது, மேடையும் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் உலர்பொடியைத் திறக்கவே வேண்டாம். வகுப்பிலேயே கலந்துகொள்ளுங்கள்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெங்கச்சங்கல் தூசின் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் தங்கித் தங்கி சிலிக்கோசிஸ் வரும். வந்த தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. துணி முகமூடி போதாது, முகத்தோடு பொருந்தும் என்95 வேண்டும். சிந்தியதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் இறங்கிய தூசு மறுபடி மேலே எழும். வகுப்பில் யாராவது துடைப்பம் எடுத்தால் அங்கேயே தடுங்கள், மரியாதை பார்க்காதீர்கள். கிளேஸ் வேலைக்கென ஒரு ஏப்ரன் வைத்துக்கொண்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே அலசுங்கள்.

ஈயமும் பேரியம் கார்பனேட்டும் விஷம். பாத்திரம் செய்பவர்களுக்கு இரண்டும் தேவையே இல்லை. மாங்கனீஸ் போட்ட சூளை எரியும் அறையில் உட்காராதீர்கள், அதன் புகை கெடுதல். தாமிரம் அதிகம் போட்ட கிளேஸைக் கிண்ணத்தின் உட்புறம் பூச வேண்டாம். புளிக்குழம்பு அதைக் கரைத்தெடுக்கும். ஒரு எலுமிச்சைத் துண்டைக் கிளேஸ் மேல் கவிழ்த்து இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் அந்த இடம் நிறம் மாறியிருந்தாலோ மங்கியிருந்தாலோ அந்தக் கிளேஸ் சாப்பாட்டுக்கு ஆகாது. மாறவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பானது என்று முடிவுகட்டவும் கூடாது. விற்பனைக்குச் செய்பவர்கள் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, கரைந்து வந்த ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள்.

கே: சூளையின் மீட்டர் 1220 காட்டியது. மேல்தட்டில் பளபளப்பு, கீழ்த்தட்டில் சொரசொரப்பு. மீட்டர் கெட்டுவிட்டதா? (வாசகர், பெங்களூரு)

ப: மீட்டர் தன் கம்பி இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். கிளேஸ் உருக டிகிரி மட்டும் போதாது, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர வேண்டும். இதற்காகத்தான் பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886இல் கோன்களைக் கொண்டுவந்தார். கிளேஸுக்குரிய பொருள்களாலேயே ஆன சின்னக் கூம்புகள். பானை படும் சூட்டைத் தாமும் பட்டு வளைந்து காட்டும். தட்டுக்கு ஒன்று வையுங்கள். கீழ்க்கோன் நிமிர்ந்தே நின்றால், கடைசிச் சூட்டில் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்திப் பிடியுங்கள்.

கே: வாளியின் அடியில் கிளேஸ் கல்லாக இறுகிவிட்டது. (வாசகர், சேலம்)

ப: சுரண்டியெடுத்து மறுபடி வடிகட்டுங்கள். 1 கிலோ பொடிக்கு 1 அல்லது 2 கிராம் பேதி உப்பை வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் அடுத்த முறை அவ்வளவு இறுகாது. புதிதாகக் கலக்கும்போது 2 சதவீதம் பென்டோனைட்டை (தண்ணீரில் உப்பும் ஒரு களிமண்) மற்றப் பொடிகளோடு உலர்வாகவே கலந்துவிட்டுத் தண்ணீரில் தூவுங்கள். அதைத் தனியாகத் தண்ணீரில் போட்டால் பசையாகத் திரளும்.

கே: என் பானை சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது. (வாசகி, திருச்சி)

ப: அடியிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரம் வரை கிளேஸ் இருக்கவே கூடாது. உருகிய மெழுகில் பானையின் அடியைத் தொட்டெடுத்துவிட்டு முக்குங்கள். பிறகு ஸ்பாஞ்சால் துடையுங்கள். வழிந்தோடும் கிளேஸ் என்றால் இன்னும் மேலே நிறுத்துங்கள். தட்டுகளுக்கு அலுமினாவும் சைனா கிளேயும் சம அளவில் கரைத்துப் பூச வேண்டியது வகுப்பு நடத்துபவரின் பொறுப்பு.

கே: எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். சவுக்குச் சாம்பலில் கிளேஸ் செய்யலாம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், பண்ருட்டி)

ப: உண்மை. உங்களுக்குப் பக்கத்திலேயே முன்னோடி இருக்கிறது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் விறகுச் சூளையில்தான் கிளேஸ் பாண்டங்கள் செய்தார்கள். அங்கே கற்றவர்கள் பலர் இந்தியா முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். இன்று ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் இத்தனை சூளைகள் இருப்பதற்கு அவர்களே பெரிய காரணம்.

விறகுச் சாம்பலில் கால்சியம் மிகுதி. கொஞ்சம் பொட்டாஷ், இன்னும் பல. அதனால் அது நல்ல உருக்கி. நெல் உமிச் சாம்பல் நேரெதிர்: ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. இரண்டையும் சாம்பல் என்று ஒரே டப்பாவில் போட்டுவைக்காதீர்கள். பிளாஸ்டிக், குப்பை எரித்த அடுப்புச் சாம்பலும் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு சலியுங்கள், தண்ணீர் பட்ட சாம்பல் கையை அரிக்கும். பழைய முறை சாம்பல் 2, பெல்ஸ்பார் 2, களிமண் 1. சூடு 1280 வரை வேண்டும். சாம்பல் 30, 40, 50, 60 என்று மாற்றி வில்லைகள் போட்டு, சூளையில் தட்டின் மேல் பழைய ஓட்டுத்துண்டு வைத்து அதன்மேல் அடுக்குங்கள். சாம்பல் கிளேஸ் ஓடும். ஓடிச் சேரும் இடத்தில் விழும் பச்சையும் பழுப்பும் எனக்கு மிகவும் பிடித்தவை. அந்த நிறங்களை டப்பாவில் யாரும் விற்பதில்லை.

கே: கோபால்ட் விலை மலைக்க வைக்கிறது. மொத்தமாக ஒரு கிலோ வாங்கினால் லாபமா? (வாசகி, கோவை)

ப: வேண்டாம். அரை சதவீதமே நல்ல நீலம் கொடுக்கும். 50 கிராம் வாங்கினால் 10 கிலோ உலர்பொடிக்கு வரும். ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.